சித்திர வாத்தியார் பதில்கள்: நீல முகப்பு, நீல வானம்

கேள்வி: திருகோணமலை புனித மரியாள் பேராலயத்தை நீர்வர்ணத்தில் கீற ஆசை. மார்கழியில் போனில் எடுத்த படங்களும், ஆனியில் எதிரே இருந்து கீறின பென்சில் படங்களும் கையில் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிழல்கள் ஒத்துவரவில்லை. எதைப் பார்த்துக் கீறுவது, சேர்?
– வாசகி, உவர்மலை

பதில்: ஒத்துவராதுதான், பிள்ளை. எங்கள் ஊர் வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு வரும். அதன்பிறகு ஆகஸ்ட் முடியுமட்டும் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆனியில் மத்தியான வெயில் படுகிற வடக்குச் சுவர், மார்கழியில் நிழலுக்குள் போய்விடும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் கட்டடம் அந்தரத்தில் நிற்கும்.

ஆனி வெளிச்சத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் இருந்து பார்த்தது. போட்டோவை யன்னல் கணக்குக்கும் சுதை வேலையின் நெளிவுக்கும் மட்டும் எடுங்கள். கிட்ட நின்று போனை அண்ணாந்து பிடித்திருந்தால் சுவர்கள் மேலே போகப் போக ஒடுங்கியிருக்கும், அதை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். தெருவில் முடிந்தவரை பின்னுக்குப் போய், போனை நிமிர்த்திப் பிடித்து இன்னொன்று எடுங்கள். மின்கம்பி குறுக்கே வந்தால் நான் அழிக்கமாட்டேன். அதுவும் எங்கள் தெருதானே.

உண்மையான சிக்கல் நீங்கள் கேட்காதது. 1852ஆம் ஆண்டுக் கோயிலின் முகப்புக்கு அடித்திருப்பது வான்நீலம். பின்னாலும் நீலம் என்றால் விளிம்பு எங்கே? போட்டோவில் வானம் வெளிறிப்போவதால் இது தெரியாது, தாளில்தான் கழுத்தைப் பிடிக்கும். வர்ணத்தைத் தொடுமுன் கொப்பியில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றே சாயலில் ஒரு சின்னப் படம் போடுங்கள். அதில் முகப்பு வானத்திலிருந்து பிரிந்து தெரியாவிட்டால் வர்ணம் காப்பாற்றாது. நான் செய்வது: அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் பேர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு விட்டு வானத்தைச் சாம்பலாக்குவேன். முகப்புக்கு மட்டும் சுத்தமான கோபால்ட் நீலம். வெயில் படும் வெள்ளைப் பட்டிகளுக்கு வர்ணமே வேண்டாம், தாளை வெறுமையாய் விடுங்கள். நிழல் விழுந்த வெள்ளையின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள், நிலத்து வெயில் எறித்து இலேசாகச் செம்மை தட்டும். போன் அதைக் கருஞ்சாம்பலாகத்தான் காட்டும். அதனால் இன்னொருதரம் அதே நேரத்துக்குப் போய், பென்சில் படத்தின் ஓரத்தில் நிறங்களை எழுதிக்கொண்டு வாருங்கள். வர்ணப்பெட்டி வேண்டாம், வறண்ட கச்சான் காற்றில் தாள் நனைத்த கையோடு காய்ந்துவிடும். வானத்தை வீட்டில் போடலாம்.

கேள்வி: தெருவில் இருந்து கீற யாரிடமாவது கேட்க வேண்டுமா?
– வாசகர், பாலையூற்று

பதில்: கோயில் வளவுக்குள் இருப்பதென்றால் ஃபாதரிடம் ஒரு சொல். பூசை நேரத்தில் வேண்டாம். பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, தம்பி. அங்கே போனைத் தூக்குமுன் கட்டாயம் கேளுங்கள்.