குமிழியில் பிறந்த சொல்

கேள்வி: சமையல் நிகழ்ச்சிகளில் ‘பூயோன்’, ‘பூயோன்’ என்கிறார்களே, அது சூப் கட்டிக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்தானே? சூப் என்று சொன்னால் கௌரவம் குறைந்தா போய்விடும்?

பதில்: பேரனைக் காட்டி, தாத்தாவுக்குப் பெயர் வைத்தது இவன்தானே என்கிறீர்கள். சுவிட்சர்லாந்துக்காரரான யூலியஸ் மாகியின் கம்பெனி அந்தக் கட்டியை விற்கத் தொடங்கியது 1908இல். சொல்லோ அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே பிரெஞ்சில் புழங்கிவருகிறது.

லத்தீனில் ‘புல்லா’ என்றால் நீர்க்குமிழி. அதன் வழியில் வந்த பிரெஞ்சு வினைச்சொல் ‘பூயிர்’, அதாவது கொதிப்பது. ஆக, பூயோன் என்பது முதலில் கொதி, அப்புறம்தான் இறைச்சியோ காய்கறியோ வெந்த சாறு. பழைய பொருளும் போய்விடவில்லை. ‘ஒரு கொதி வந்ததும் இறக்கு’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் ‘முதல் பூயோனில்’ என்பார்கள். மீன் வேகவைக்க வினிகரோ வைனோ சேர்த்துத் தயாரிக்கும் ‘கூர் பூயோன்’ என்பதற்குக் குறுகிய கொதி என்று பொருள். அதைப் பொதுவாக யாரும் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதில்லை.

சரி, சூப் என்றால் என்ன குறைந்துவிடும்? கௌரவம் குறையாது, பொருள்தான் மாறிவிடும். பழைய பிரெஞ்சில் சூப் என்பது நீரே அல்ல, ரொட்டித் துண்டு! அதன்மேல் ஊற்றிய சாறுதான் பூயோன். ரொட்டியின் பெயர் பிற்பாடு முழுக் கிண்ணத்துக்கும் ஆகிவிட்டது.

கௌரவம் என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். பாரிஸில் ‘பூயோன்’ என்று பலகை மாட்டிய கடைகள் பணக்காரர்களுக்காகத் தொடங்கியவை அல்ல. 1850களில் துவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் வேகவைத்த மாட்டிறைச்சியையும் அதன் சாற்றையும் மலிவு விலையில் விற்கத் தொடங்கினார். பண்டம் கடைக்கே பெயராயிற்று. 1896இல் தொடங்கிய ‘பூயோன் ஷார்த்தியே’யில் இன்றும் கூட்டம் வரிசையில் நிற்கிறது. ‘ரெஸ்டாரன்ட்’ கதையும் இதேதான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அது உடம்புக்குத் தெம்பு தரும் சாற்றின் பெயர். சாறு விற்ற இடம் பின்னால் அந்தப் பெயரைச் சுருட்டிக்கொண்டது.

அடுப்படிக்கு வெளியேயும் இந்தச் சொல் சுற்றியிருக்கிறது. தங்கம், வெள்ளிச் சந்தைச் செய்திகளில் படிக்கிறீர்களே ‘புல்லியன்’, அதுவும் இந்தக் கொதியில் பிறந்ததுதான். உலோகத்தை உருக்குவதிலிருந்து வந்தது. நீந்தும்போது தண்ணீர் குடித்துவிட்டால் ‘பூயோன் குடித்தான்’ என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

இன்னொரு பொருளும் உண்டு. பிரெஞ்சுப் பத்திரிகை அலுவலகங்களில், விற்காமல் திரும்பி வரும் பிரதிகளுக்கும் பூயோன் என்றே பெயர். எங்கள் விற்பனைப் பிரிவில் இதை யாரும் சொல்லிவிடாதீர்கள்.