விரித்த குடல் ஏன் மறுபடி சுருங்குகிறது?

கேள்வி: ரத்த ஓட்டம் குறைந்து பெருங்குடலில் அழற்சி வந்தது. குணமாகிவிட்டது என்றார்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் சுருக்கம் என்கிறார்கள். எப்படி?

பதில்: ரத்தம் குறைந்தால் முதலில் அடிபடுவது குடலின் உட்சவ்வு. பாதிப்பு அதோடு நின்றால் புதுச் சவ்வு வளர்ந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் முடிகிறது. அடியிலுள்ள தசை வரை இறங்கினால் ஆறும்போது தழும்பு கட்டும். தீக்காயத் தழும்பு தோலை இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடல் ஒரு குழாய் என்பதால் அதே இழுப்பு உள்வழியைக் குறுக்கிவிடுகிறது. தழும்பு இறுக வாரங்கள், மாதங்கள் ஆகும். அதனால்தான் வலி போன பிறகு சுருக்கம் தெரிகிறது. மண்ணீரலுக்கு அருகே பெருங்குடல் வளையும் இடம் இதற்குப் பேர்போனது. இரண்டு தமனிகளின் எல்லை அது. கடைமடை வயல் மாதிரி, வரத்து குறைந்தால் முதலில் காயும்.

கேள்வி: குடல் சுருக்கத்தைப் பலூன் வைத்து இரண்டு முறை விரித்தாயிற்று. மறுபடி அடைக்கிறது. மூன்றாவது முறை செய்யலாமா?

பதில்: சுருக்கம் குட்டையாக இருந்தால் செய்து பார்க்கலாம். நீளமானதைத் திரும்பத் திரும்ப விரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் இருக்கிறது. பலூன் வழியை அகலமாக்கும், ரத்தத்தைக் கொண்டுவராது. சிடி ஆஞ்சியோகிராமில் தமனிகளைப் பார்த்தார்களா? சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்துவிட்டதா? இவை முடிந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நல்ல ரத்த ஓட்டமுள்ள முனைகளை இணைப்பது பற்றிப் பேசுங்கள். அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று: புகைக்கிறீர்களா?

கேள்வி: இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது சிறுகுடல் அடைப்பு. தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். கதிர்வீச்சு பட்ட சிறு ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லத் தடித்து அடைபடும். பல வருடம் கழித்தும் வெளிப்படும். அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், அங்கே போடும் இணைப்பு சரியாக ஆறாமல் போகக்கூடும்.

கேள்வி: சாப்பிட்ட அரை மணியில் வயிற்றுவலி. பயந்து சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கிவிட்டது. எண்டோஸ்கோபி நார்மல்.

பதில்: எண்டோஸ்கோபிக்குத் தமனிகள் தெரியாது. குடலுக்கு வரும் முக்கியத் தமனிகள் 3. ஒன்று குறுகினால் மற்றவை சமாளிக்கும். பெரும்பாலும் இரண்டு குறுகிய பிறகே இந்த வலி வரும். செரிமானத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படும் நேரம் பார்த்து வலிக்கிறது. சிடி ஆஞ்சியோகிராம் எடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். காரணம் அதுவென்றால் பலருக்குத் தமனிக்குள் ஸ்டென்ட் (வழியைத் திறந்தே வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தே சரிசெய்யலாம். நடுவில் என்றாவது தாங்க முடியாத வலி திடீரென்று வந்தால் எந்தப் பரிசோதனைத் தேதிக்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.