மேகம் மேட்டூர் அணையில் இறங்கித் தண்ணீர் குடிக்குமா?

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவியின் ஊர் மேட்டூர் அணையை ஒட்டிய பண்ணவாடி. மச்சினன் அங்கே பரிசலில் மீன் பிடிக்கிறான். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்த்தபோது, மேட்டூர் திசையில் கறுத்த மேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று தொங்கியது. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். கால் மணி நேரத்தில் கலைந்துவிட்டது. மறுநாளே 'மேட்டூர் அணையில் டொர்னேடோ' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. மாமியார், "மேகம் இறங்கித் தண்ணி குடிக்குது, மீனையும் சேத்து அள்ளிட்டுப் போயிடும்" என்கிறார். அது டொர்னேடோவா? பரிசலைத் தூக்குமா? மச்சினனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்: சுண்டுவிரல் கணக்கை எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் "பெரிசா இருந்துச்சு" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் விரலை வைத்துச் சொல்லலாம்.

கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் ஏறத்தாழ ஒரு பாகை அகலத்தை மறைக்கும். ஏற்காட்டிலிருந்து மேட்டூர் அணை, பறவை பறக்கும் கணக்கில், 40 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் ஒரு பாகை என்பது 700 மீட்டர். தண்ணீர் மேல் உண்டாகும் சுழல்தூண் பொதுவாகச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரைதான் பருமன் இருக்கும். அணை மேல் 50 மீட்டர் பருமனில் ஒன்று நின்றிருந்தாலும், லேடீஸ் சீட்டிலிருந்து அது நிலாவின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. கோடை மாலைப் புழுதி மூட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். நீங்கள் பார்த்தது, அனேகமாக, ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்த மழை. தூரத்திலிருந்து பார்த்தால் அது சாம்பல் நிறத் திரையாக, சில நேரம் தூணாகத் தெரியும். காற்று தள்ளினால் அடியில் வளைந்து தும்பிக்கை ஆகிவிடும்.

ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது ஒரு முறை, மழை விட்ட கையோடு பள்ளத்திலிருந்து மேகத்தை நோக்கிக் கூம்பு போல ஒன்று எழுவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். ஈரக் காட்டிலிருந்து எழும் மேகச் சிதறல் அது. மலையில் மழைக்காலம் முழுக்கப் பார்க்கலாம். ஒரு நிமிஷம் அசையாமல் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சிதறலின் விளிம்பு பஞ்சு பிய்த்த மாதிரி இருக்கும், ஏறும், கலையும், ஆனால் சுற்றாது. உண்மையான சுழல்தூணின் விளிம்பு சீவி விட்டதுபோல் வழவழவென்று இருக்கும். சுற்றுவது கண்ணுக்குத் தெரியும்.

வீடியோவில் கரையை நோக்கி அலை உருண்டு வருகிறது. அது கடல். மேட்டூர் என்று யாரோ பெயர் ஒட்டியிருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. செய்திகளில் வங்கக் கடலில் வரும் புயலும் சூறாவளி, அமெரிக்காவில் வீட்டுக்கூரையைப் பிய்க்கும் டொர்னேடோவும் சூறாவளி. முதலாவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். இரண்டாவது ஒரு தெருவுக்குள் அடங்கலாம், பெரும்பாலும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். இங்கே நான் டொர்னேடோ என்றும், தண்ணீர் மேல் நிற்பதை நீர்த்தூண் என்றும் எழுதுகிறேன்.

தரையில் சுற்றினால் டொர்னேடோ, தண்ணீரில் சுற்றினால் நீர்த்தூண் என்று பாடப்புத்தகம் பிரிக்கும். அந்தப் பிரிவு அவ்வளவு உதவாது. சுழற்சி மேலே பிறந்ததா கீழே பிறந்ததா என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

கீழே பிறப்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஏரியில் வர வாய்ப்புள்ளது அதுதான். விளக்குத் திரி திரிப்பதை நினைத்துப் பாருங்கள். பஞ்சை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, ஒரு கையை முன்னே தள்ளி மறு கையைப் பின்னே இழுத்தால் பஞ்சு சுருளும். முனையைப் பிடித்து இழுத்தால் ஒல்லியாகி, முறுக்கு இன்னும் இறுகும். காற்றிலும் அதே கதைதான். தண்ணீர் மேல் இரண்டு பக்கத்துக் காற்று வந்து உரசும் கோட்டில் சின்னச் சின்னச் சுழிகள் உண்டாகும். சாதாரணமாக அவை உண்டான வேகத்திலேயே கலைந்துவிடும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு சுழிக்கு நேர் மேலே மேகம் ஒன்று விறுவிறுவென வளர்ந்துகொண்டிருந்தால், மேலேறும் காற்று அந்தச் சுழியைப் பிடித்து இழுக்கும். சுழி நீளும், ஒல்லியாகும், வேகம் கூடும். நீர்த்தூண் தயார்.

இதற்குப் பெரிய இடிமேகம்கூட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், ஈரக்காற்று, மந்தமான காற்றோட்டம், வளர்கிற மேகம், இவ்வளவும் ஒன்று சேர்ந்தால் போதும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் இது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வரும். ஜோசப் கோல்டன் என்ற வானிலை ஆய்வாளர் அங்கே விமானத்தில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, நீர்த்தூணின் வாழ்க்கையை ஐந்து கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் தூண் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் மேல் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் தெரியும். அப்புறம் அதைச் சுற்றிச் சுருள் கோடுகள். மூன்றாவதாக வளையமாகத் திவலை தெறிக்கும். நான்காவதில்தான் மேகத்திலிருந்து தண்ணீர்வரை தூண் முழுசாகத் தெரியும். பிறகு மழையின் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்ததும், சாய்ந்து, கயிறு போல் நெளிந்து அறுந்துவிடும். மொத்தமும் பெரும்பாலும் 20 நிமிஷத்துக்குள். கண்ணுக்குத் தும்பிக்கை மேலிருந்து இறங்குவதுபோல் தெரிந்தாலும், சுழற்சி அதற்கு முன்பே தண்ணீரைத் தொட்டுவிட்டது. மச்சினன் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

மேலே பிறக்கும் டொர்னேடோவின் ஜாதகம் வேறு. அதற்கு ராட்சச இடிமேகம் வேண்டும். தரையில் ஒரு திசையில் மெதுவாக வீசும் காற்று, உயரே போகப் போகத் திசையும் வேகமும் பலமாக மாற வேண்டும். அப்போது மேகமே பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சுற்ற ஆரம்பிக்கும். அந்தச் சுற்று குறுகித் தரையைத் தொடுவதுதான் பெரிய டொர்னேடோ. டொர்னேடோவின் பலத்தைப் படிகளாகப் பிரிக்கும் ஃபுஜிட்டா அளவுகோலின் இப்போதைய வடிவத்தில், கடைசிப் படிக்குக் காற்று மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கு. சாதாரண நீர்த்தூணின் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது குறைவு. நம் துணைக்கண்டத்தில் டொர்னேடோவின் தாய்வீடு வங்காளப் பக்கம். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் அடித்த ஒன்றில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். சேலத்தில் கோடை இடிமழைக்குக் குறைவில்லை என்றாலும், உயரே காற்று அவ்வளவு பலமாக மாறுவது அரிது. இந்த மாதிரி டொர்னேடோ கடல்மேல் போனாலும் நீர்த்தூண் என்றே சொல்வார்கள். பெயர் சாதுவாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று. மேட்டூரில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடியில் அணைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற மாதங்களில், காய்ந்த படுகையில் நடுப்பகலில் புழுதி சுற்றிக்கொண்டு ஓடும். அது வெயிலின் வேலை. மேகமே இல்லாமல் வரும், சருகைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும்.

இப்போது மாமியாரின் கேள்வி. மேகம் கடலைக் குடிக்கிறது என்று நம் பழம்புலவர்களே பாடியிருக்கிறார்கள், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேலம் மாவட்டத்தில் கிணறு வைத்திருக்கும் எந்த விவசாயியும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். கிணற்றில் தண்ணீர் 40 அடிக்கு இறங்கிவிட்டால், மேட்டில் இருக்கும் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் ஆனாலும் எடுக்காது. உள்ளே படி அமைத்து மோட்டாரைக் கீழே இறக்குவோம். ஏன்? மோட்டார் உறிஞ்சும்போது தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம். முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் அது தள்ளுவது 10 மீட்டர்தான். நடைமுறையில் 25 அடி தாண்டினாலே திணறும்.

நீர்த்தூணுக்கும் அதே சட்டம். உள்ளே அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயரும். 2003 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு கொடூர டொர்னேடோவின் பாதையில் வைத்த கருவி, 100 மில்லிபார் வீழ்ச்சியைப் பதிவு செய்தது. அதுவே தண்ணீர் மேல் நின்றிருந்தால்கூட ஒரு மீட்டர்தான் தூக்கியிருக்கும். மேகம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அப்படியானால் அந்தத் தூணில் தெரிவது என்ன? கோலி சோடாவை உடைத்ததும் பாட்டில் கழுத்தில் மெல்லிய புகை வருமே, அதுதான். அழுத்தம் சட்டென்று குறைந்தால் காற்று குளிரும், அதிலிருக்கும் ஈரம் பனித்துளியாகும். தூண் முழுக்க அந்தத் துளிதான். கடலில் நின்றாலும் அது உப்புக் கரிக்காது. அடியில் சில மீட்டர் உயரம் தெறிக்கும் திவலை மட்டும்தான் அணைத் தண்ணீர். கட்லாவும் ரோகுவும் பத்திரமாக இருக்கும். மழைக்குப் பிறகு வயலில் மீன் கிடந்தது என்பார்கள். வாய்க்கால் வழிந்து வந்திருக்கலாம். பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் தானே ஊர்ந்தும் வரும்.

மீன் பத்திரம் என்றதும் பரிசலும் பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உறிஞ்சித் தூக்காது, ஆனால் சுற்றுக்காற்று கவிழ்த்துவிடும். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. 80 கிலோமீட்டர் வேகக் காற்று பக்கவாட்டில் பிடித்தால் துடுப்புக்கு அங்கே வேலை இல்லை.

இருந்தாலும் உங்கள் மச்சினன் பயப்பட வேண்டியது தும்பிக்கைக்கு இல்லை. மேட்டூரில் மீன் பிடித்துக் காலம் தள்ளும் ஒருவர் நீர்த்தூணைப் பார்க்காமலே போகலாம். இடியையும், இடிமேகத்திலிருந்து பொத்தென்று விழும் காற்றையும் ஆண்டுதோறும் பார்ப்பார். மழை குளிர்வித்த கனமான காற்று மேகத்திலிருந்து நேரே கீழே விழுந்து, தண்ணீரில் மோதி, எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். அதற்குத் தும்பிக்கையும் இல்லை, முன்னறிவிப்பாக ஒரு வட்டமும் இல்லை. 2024 ஆகஸ்ட் 19 அன்று இத்தாலியின் சிசிலி அருகே நங்கூரம் போட்டிருந்த ஒரு பெரிய உல்லாசப் படகு மூழ்கி 7 பேர் இறந்தபோது, முதல் நாள் செய்திகள் எல்லாம் நீர்த்தூண் என்றே எழுதின. பிறகு வானிலை நிபுணர்கள் பலரின் சந்தேகம் இந்த விழும் காற்றின் மேல்தான் போனது.

ஆகவே மச்சினனிடம் இப்படிச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் பாலமலைப் பக்கம் மேகம் காலிஃபிளவர் மாதிரி கட்டினால், வலை எடுக்கும் வேலையைக் கரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். புழுக்கத்துக்கு நடுவில் திடீரென்று ஜில்லென்ற காற்று முகத்தில் அடித்தாலோ, தூரத்தில் தண்ணீர் கறுத்து ஒரு கோடாக நெருங்கி வந்தாலோ, வலை கிடக்கட்டும், ஆள் கரையேற வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும்வரை திரும்பத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையேறிய பிறகு, பரிசலைக் கவிழ்த்து அதற்கடியில் உட்காருவது மழைக்குச் சரி, மின்னலுக்கு உதவாது. ஒற்றை மரத்தடியும் வேண்டாம். கான்கிரீட் வீடு நல்லது, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். போனில் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி செயலியை நீங்களே போட்டுக் கொடுங்கள். சுற்று வட்டாரத்தில் மின்னல் அடித்தால் அது எச்சரிக்கும்.

நிஜமாகவே நீர்த்தூண் ஒன்று கண்ணில் பட்டால், அது போகும் திசைக்குக் குறுக்கே, செங்குத்தாக விலக வேண்டும். பின்னால் இருக்கும் மலையோடு ஒப்பிட்டால் திசை தெரியும். இடப்பக்கமோ வலப்பக்கமோ நகராமல், வரவரப் பெரிதானால் அது நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். கரையைத் தொட்டால் சீக்கிரம் செத்துவிடும். சாவதற்கு முன் தகரக் கொட்டகையையும் ஓலைக் கூரையையும் ஒரு கை பார்த்துவிடும் என்பதால் அந்த மாதிரி இடத்தில் ஒதுங்க வேண்டாம். வீடியோ எடுக்கக் கிட்டே போகவே கூடாது.

கரையில், இடிக்குப் பத்திரமான இடத்தில் இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். போனைக் கையில் பிடிக்காமல் ஜன்னல் கட்டையில் சாய்த்து, படுக்கை வாக்கில், நந்தியோ கோபுரமோ எதிர்க்கரை மலையோ படத்துக்குள் தெரியும்படி வைத்து, மணியையும் குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தூரமும் பருமனும் நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.