லினக்ஸ் லேப்டாப்பை மூடி வைத்தாலும் காலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறதே, ஏன்?

உபுண்டு 24.04 போட்ட லேப்டாப்பை இரவு மூடிப் பைக்குள் வைத்தால் காலையில் சூடாக, சார்ஜே இல்லாமல் கிடக்கிறது, டிஎல்பி நிறுவியும் ஒன்றும் மாறவில்லை என்கிறீர்கள். டிஎல்பியை முதலில் எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் லேப்டாப் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற கருவி, மூடிய பிறகு எந்த வகைத் தூக்கம் என்பதை, நீங்கள் தனியாக அமைக்காதவரை, அது தீர்மானிப்பதில்லை. போதாததற்கு, உபுண்டுவோடு வரும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் என்ற மின்சார நிர்வாக நிரலும் டிஎல்பியும் ஒரே அமைப்புகளில்தான் கை வைக்கும்.

உங்கள் லேப்டாப் தூங்கவே போகாமல் இருக்கலாம், தூங்கியதை ஏதோ ஒன்று எழுப்பிவிட்டிருக்கலாம், அல்லது தூங்கியும் அரைத்தூக்கமாகவே இருந்திருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் வரிகளையெல்லாம் கிரப் (லினக்ஸைத் துவக்கிவைக்கும் நிரல்) கோப்பில் ஒட்டாதீர்கள், தயவுசெய்து. பேட்டரி சாகும்வரை விடாமல், ஒரு மணி நேரம் மூடி வைத்துத் திறந்து, பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவைப் பாருங்கள். 'பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி' என்று ஒரு வரி, திறந்த நேரத்தில் 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்று ஒரு வரி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். என்ட்ரியே இல்லையென்றால் மூடியதை எதுவோ தடுக்கிறது, சிஸ்டம்டி-இன்ஹிபிட் கட்டளையின் பட்டியலில் யார் என்று தெரிந்துவிடும் (வெளி மானிட்டர் செருகியிருந்தால் மூடினாலும் தூங்காது, அது இயல்புதான்).

இந்த இரண்டு வரிகளும் ஜோடி ஜோடியாகத் திரும்பத் திரும்ப வந்தால் யாரோ எழுப்புகிறார்கள். என் லேப்டாப்பில் அது வயர்லெஸ் மவுஸின் யுஎஸ்பி டாங்கிள். பைக்குள் மவுஸ் அசையும்போதெல்லாம் கணினி விழிக்கும், மூடி சாத்தியிருப்பதைப் பார்த்து மறுபடி தூங்கப் போகும், மறுபடி விழிக்கும். ப்ராக் அடைவில் ஏசிபிஐக்குள் வேக்அப் என்றொரு கோப்பு உண்டு, எழுப்பும் உரிமை பெற்ற சாதனங்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அதில் எக்ஸ்எச்சி என்று தொடங்கும் வரிதான் யுஎஸ்பி. அந்தப் பெயரை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) அதே கோப்பில் எழுதினால் 'எனேபிள்ட்' என்பது 'டிஸேபிள்ட்' ஆகும். இன்னொரு முறை எழுதினால் பழையபடி திரும்பிவிடும், அதனால் எழுதியதும் கோப்பைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள். மறுதொடக்கத்தில் இந்த மாற்றம் போய்விடும், நிலைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அதைத் தானாகச் செய்கிற ஒரு சிறிய சிஸ்டம்டி சர்வீஸ் எழுத வேண்டும்.

பதிவு சுத்தமாக இருந்தும் பேட்டரி கரைகிறது என்றால் மூன்றாவது காரணம், இப்போது அதிகம் பார்ப்பது இதைத்தான். சிஸ் அடைவில் பவருக்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறங்கள், உங்கள் லேப்டாப்புக்குத் தெரிந்த தூக்க வகைகள் அதில் இருக்கும். 'டீப்' என்பது பழைய எஸ்3: ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். 'எஸ்2ஐடில்' அப்படியில்லை, அதில் ஒவ்வொரு சாதனமும் ஒழுங்காக அடங்கினால்தான் சிப் ஆழமான நிலைக்குப் போகும், ஒரு எஸ்எஸ்டி முரண்டு பிடித்தாலும் இரவு முழுக்கக் கசியும். சதுர அடைப்புக்குள் எது இருக்கிறதோ அதுதான் நடப்பில் உள்ளது.

டீப் பட்டியலில் இருந்தும் தேர்வாகவில்லை என்றால், வேலைகளைச் சேமித்துவிட்டு அந்தக் கோப்பில் டீப் என்று தற்காலிகமாக எழுதிச் சோதியுங்கள். நன்றாக விழித்தெழுந்தால் மட்டும் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட் அளவுருவைக் கிரப்பில் போடுங்கள். டீப் என்ற சொல்லே அங்கே இல்லையா? அப்போது அந்த அளவுரு எதையும் செய்யாது, லேப்டாப்பின் ஃபர்ம்வேரே (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) எஸ்3 தரவில்லை. பயாஸ் அமைப்புகளில் அதற்கான தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். 2018இல் வந்த ஆறாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் எஸ்3 இல்லாமல் பலர் அவதிப்பட்டார்கள், பிறகு பயாஸ் அப்டேட்டில்தான் லினக்ஸ் என்ற தூக்கத் தெரிவு வந்தது. எல்லா லேப்டாப்பிலும் அந்த வசதி கிடையாது.

எஸ்2ஐடில் மட்டும்தான் என்றால், அதே பவர் அடைவில் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸுக்குள் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் கோப்பைப் பாருங்கள். கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையாக அடங்கியிருந்த நேரம் மைக்ரோவினாடியில் இருக்கும். பூஜ்யம் என்றால் அது தூங்கவேயில்லை என்றுதான் அர்த்தம். பயாஸையும் கர்னலையும் புதுப்பித்து மறுபடி சோதியுங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட் இருக்கிறது: கொஞ்ச நேரம் தூங்கி, பிறகு ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும், எத்தனை நேரம் கழித்து என்பதை ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் நீங்களே வைக்கலாம். உபுண்டு தானாகப் போடும் ஸ்வாப் கோப்பு (ரேமில் உள்ளதை வட்டில் எழுதி வைக்கும் இடம்) இதற்குப் பெரும்பாலும் போதாது, பெரிதாக்க வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு) இயங்கினால் கர்னல் ஹைபர்னேஷனை அனுமதிக்காது, அதை அணைக்கச் சம்மதம் என்றால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள்.