ரத்தத்தில் இருக்கும் மருந்து காலுக்குப் போய்ச் சேருகிறதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்: "அப்பாவுக்கு வயது 64, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. தோப்பில் மட்டைச் சிராய் குத்தி வலது பாதம் வீங்கிப் புண்ணாகிவிட்டது. பாலக்காட்டில் பத்து நாளாக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் மருந்து அளவு சரியாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. புண் ஆறவில்லை. தோலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க டெஸ்ட் இல்லையா, டாக்டர்?"

இருக்கிறது. ஆனால் அது ஆராய்ச்சிக்காகச் செய்வது. வார்டில் வழக்கமாகச் செய்வதில்லை. இருந்தாலும் அது நடக்கும் விதம் தெரிந்தால், நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பது பிடிபடும்.

முன்பெல்லாம் தோலில் சிறு துண்டு வெட்டி, அரைத்து, மருந்தை அளப்பார்கள். அரைத்தால் செல், செல்லுக்கு வெளியே உள்ள நீர், ரத்தம் எல்லாம் கலந்துவிடும். இந்த மாதிரித் தொற்றில் கிருமி பெரும்பாலும் இருப்பது அந்த வெளி நீரில். அங்கே எவ்வளவு மருந்து என்பதுதான் கேள்வி. அதற்கு அரைத்த கலவை பதில் சொல்லாது.

இப்போது நம்புவது மைக்ரோடயாலிசிஸை. நுனியில் சல்லடை போன்ற சவ்வு வைத்த மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செருகி, உள்ளே உப்பு நீரை நிமிடத்துக்கு 1 அல்லது 2 மைக்ரோலிட்டர் வீதம் விடுவார்கள். ஒரு சொட்டு சேரவே அரை மணி நேரம் போல ஆகும். வெளியே இருக்கும் மருந்து சவ்வு வழியாக அந்த நீருக்குள் கசியும். முழுதாகக் கசியாது என்பதால், அதே மருந்தைக் குழாய்க்குள் விட்டு எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்துவார்கள். புரதத்தோடு ஒட்டிய மருந்து சவ்வைத் தாண்டாது; கிருமியைக் கொல்வதும் ஒட்டாத மருந்துதான். வான்கோமைசினில் ஏறக்குறைய பாதி ஒட்டியே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது பொதுவாக இரண்டும் சேர்ந்த அளவு.

வியன்னாவில் இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் இப்படி அளந்த ஒரு சிறிய ஆய்வு 2006-இல் வந்தது. சர்க்கரை இல்லாதவர்களின் திசுவுக்கு ரத்தத்தில் இருந்ததில் பத்தில் மூன்று பங்கு வான்கோமைசின் போயிருந்தது; சர்க்கரை உள்ளவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குதான்.

அதற்காக டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், சிறுநீரகம் தாங்காது. முதலில் "காலிலெ ரக்தயோட்டம் நோக்கியோ?" (காலில் ரத்த ஓட்டம் பார்த்தீர்களா?) என்று மலையாளத்திலேயே கேளுங்கள். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9-க்குக் கீழ் என்றால் அடைப்பு. நாள்பட்ட சர்க்கரையில் ரத்தக் குழாய் சுண்ணாம்பேறி இறுகி, அடைப்பு இருந்தும் எண் நல்லதாகவே காட்டலாம். அதனால் கால் விரல் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், உள்ளே சிராய்த் துண்டு, சீழ், எலும்பில் தொற்று ஏதாவது இருக்கிறதா, அழுகிய சதையை நீக்கியாயிற்றா, கல்ச்சரில் (புண்ணிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்ப்பதில்) வந்த கிருமிக்கு இந்த மருந்து கேட்குமா என்பதும்.

விரல் கறுத்தாலோ காய்ச்சல் ஏறினாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.