வாசகர் கேள்வி பதில்: முதலுதவி, சிபிஆர் பயிற்றுநர் ஆக விரும்புவோருக்கு

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருடம் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) முடித்து அட்டை வாங்கினேன். இனி நானே வகுப்பு எடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

இப்போதைக்கு எடுக்க முடியாது. உங்களிடம் இருப்பது 'புரொவைடர்' அட்டை. உங்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தியும் மூச்சு கொடுத்தும் செய்யும் உயிர்காப்பு முறை) செய்யத் தெரியும் என்பதற்குத்தான் அது சான்று. சொல்லிக்கொடுக்க 'இன்ஸ்ட்ரக்டர்' அட்டை வேண்டும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் முறையில் பயிற்றுநர் யாரும் தனியாள் இல்லை, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் ஒன்றோடு இணைந்துதான் இயங்க வேண்டும். அதனால் முதலில் ஒரு மையத்திடம் பேசி, உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் வாங்குங்கள். பலர் முதலிலேயே இணையப் பாடத்துக்குப் பணம் கட்டிவிட்டு அப்புறம் மையம் தேடி அலைகிறார்கள். எந்த மையமும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கட்டிய பணம் வீண்.

மையம் சரி என்றதும் 'இன்ஸ்ட்ரக்டர் எசென்ஷியல்ஸ்' என்ற பாடத்தை இணையத்தில் முடிக்க வேண்டும். அடுத்து நேர்முக வகுப்பு. அங்கே உங்கள் சிபிஆரையும் பார்ப்பார்கள், பிறர் செய்யும் தவறைக் கண்டுபிடிக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள். அதன்பின் 6 மாதத்துக்குள், மையத்தின் மூத்த பயிற்றுநர் உட்கார்ந்து கவனிக்க, நீங்கள் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். பெரும்பாலும் ஆட்கள் தேங்குவது இந்த இடத்தில்தான். 'அடுத்த வகுப்பு வரட்டும்' என்று காத்திருப்பதற்குள் 6 மாதம் ஓடிவிடும். சேரும்போதே தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டை 2 வருடம் செல்லும். புதுப்பிக்க, அந்த 2 வருடத்தில் குறைந்தது 4 வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் பி.காம். தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. மருத்துவப் படிப்பு இல்லாதவர் பயிற்றுநர் ஆக முடியுமா? (வாசகர், ஓசூர்)

முடியும். யாருக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். டாக்டர், நர்ஸ்களுக்கான பிஎல்எஸ் உங்களுக்குச் சரிப்படாது. தொழிலாளர், ஆசிரியர், ஓட்டுநர் போன்ற பொதுமக்களுக்கு என்றே 'ஹார்ட்சேவர்' பாடம் இருக்கிறது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவிச் சான்றிதழ் வகுப்பு நடத்துகின்றன. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்கு மாநில அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒரு பொறுப்பாளர் என்று விதித்தது. அந்த வழக்கத்தில் வந்த நிறுவனங்கள் 'எந்தச் சான்றிதழ்' என்பதைக் கறாராகப் பார்க்கும். உங்கள் நிர்வாகம் எதை ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

இந்திய ரிசசிடேஷன் கவுன்சில் பொதுமக்களுக்காக வகுத்த 'கோல்ஸ்' முறையில் மார்பை அழுத்துவது மட்டும்தான், வாயோடு வாய் ஊதுவது கிடையாது. பெரிய கூட்டத்துக்குச் சுருக்கமாகக் கற்பிக்க அது ஏற்றது. ஆனால் நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு கொடுப்பது முக்கியம். குளம், கிணறு, கடல் உள்ள ஊர்களில் வகுப்பு எடுக்கிறவர் இதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: வகுப்பில் எல்லோரும் நன்றாகத்தான் அழுத்துகிறார்கள். மேனிகினில் (பயிற்சிப் பொம்மையில்) பொருத்திய கருவியோ குறை காட்டுகிறது. எதைத் திருத்துவது? (வாசகர், மதுரை)

கருவி சொல்வதை நம்புங்கள். பெரியவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல். கடிகாரத்தில் பார்த்தால் 30 அழுத்தம் 15 முதல் 18 வினாடிக்குள் முடிய வேண்டும். புதிதாகக் கற்பவர் பதற்றத்தில் 12 வினாடியில் முடித்துவிடுவார். அந்த வேகத்தில் ஆழமும் வராது, நெஞ்சு முழுசாக மேலெழும்பவும் நேரம் இருக்காது. எழும்பினால்தான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். பின்னால் நின்று பார்த்தால் இந்தத் தவறு தெரியாது. பக்கவாட்டில் மண்டியிட்டு, அவர் உள்ளங்கையின் அடிப்பகுதியையும் மேனிகினின் நெஞ்சையும் ஒரே மட்டத்தில் பாருங்கள். கை நெஞ்சைவிட்டு விலகாது, ஆனால் அதன் பாரம் விலக வேண்டும். பாரம் அப்படியே உட்கார்ந்திருந்தால் 'சாயாதீங்க' என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். பத்து வாக்கியம் சொன்னால் எதுவும் ஏறாது.

முழங்கை மடிவது அடுத்த குறை. மடிந்தால் அழுத்துவது புஜம்தான், உடம்பின் எடை இறங்காது. ஒரு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். பெரும்பாலும் காரணம், அவர் தள்ளி உட்கார்ந்திருப்பது. முட்டியை மேனிகினின் விலா ஓரமாக நெருக்கி, தோள் கைக்கு நேர்மேலே வரும்படி செய்யச் சொன்னாலே கை நிமிர்ந்துவிடும்.

எண்ணும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' வரை தாளம் சரியாக இருக்கும். 'பதினொண்ணு' வந்ததும் இழுக்கும், 'இருபத்தேழு', 'இருபத்தெட்டு' எல்லாம் ஓர் அழுத்தத்துக்கான அரை வினாடியில் அடங்காது. பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்லுங்கள். கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 110இல் வைத்து ஓடவிடுவது இன்னும் நல்லது.

அதைவிட ஆபத்தான தவறு, நின்று நின்று வரும் இழுப்பு மூச்சை 'மூச்சு இருக்கிறது' என்று நினைத்துவிடுவது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வாய் திறந்து திறந்து மூடும், குறட்டை போலச் சத்தம் வரும். அது மூச்சில்லை. வகுப்பில் நீங்களே அப்படி நடித்துக் காட்டி, 108ஐக் கூப்பிட்டு அழுத்தத் தொடங்க வைக்க வேண்டும்.

கேள்வி: 12 பேர் கொண்ட பிஎல்எஸ் வகுப்புக்கு எத்தனை மேனிகின் வேண்டும்? எப்படிச் சுத்தம் செய்வது? (வாசகி, சேலம்)

மூன்று பேருக்கு ஒன்று, 6 பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது கணக்கு. ஆகப் பெரியவர் மேனிகின் 4, குழந்தை மேனிகின் 4, பயிற்றுநர் 2. ஆழமும் வேகமும் காட்டும் கருவி பெரியவர் மேனிகினில் கட்டாயம். ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பயிற்சிக் கருவியில் அடிக்கடி கெடுவது ஒட்டும் பட்டைதான். பசை போய்விட்டால் மாற்றிவிடுங்கள், டேப் போட்டு ஒட்டினால் சரியாக ஒட்டுவது எப்படி என்பதைக் கற்பவர் கற்காமலே போவார். ஒவ்வொருவர் ஊதிய பிறகும் முகத்தை 70 சதவீத ஆல்கஹால் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரையீரல் பையை வகுப்பு முடிந்ததும் மாற்றுங்கள். ஊதியும் நெஞ்சு எழவில்லை என்றால் முதலில் தலை பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதன்பிறகு பை கிழிந்திருக்கிறதா என்று.

கேள்வி: 2025இல் வழிமுறை மாறியது என்கிறார்களே? (வாசகர், புதுச்சேரி)

ஆம். கைக்குழந்தையின் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தும் பழைய முறையை அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கைவிட்டது. இப்போது ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தலாம், அல்லது இரு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்தலாம். தொண்டையில் எதாவது அடைத்துப் பேசவோ இருமவோ முடியாத பெரியவருக்கு முதலில் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம், மாற்றி மாற்றி. பழைய படங்கள் உங்கள் கோப்பில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கக் கூடாது என்றதும் வகுப்பே எதிர்த்தது. எப்படிச் சமாளிப்பது? (வாசகி, விருதுநகர்)

கேலி செய்யாதீர்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவி கொடுத்த நேரமும் நின்ற நேரமும் ஒன்றாக அமைவதால்தான் நம்பிக்கை வருகிறது. இதைச் சொன்னாலே பாதிப் பேர் ஏற்பார்கள். சாவி தேடும் ஆளைக் கடிகாரம் பார்க்க வைத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, தலைக்கடியில் துணி, வாயில் எதையும் திணிக்காமை, 5 நிமிடம் தாண்டினால் 108.

தீக்காயத்துக்குப் பற்பசை, பேனா மை, இட்லி மாவு என்பார்கள். அங்கும் இதே அணுகுமுறைதான். குழாயடியில் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிடச் சொல்லுங்கள், காரணத்தையும் சேர்த்து: மாவு தோலை மூடிச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது, டாக்டர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். பாம்புக்கடிக்குக் கயிறு இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. அந்தக் கை, காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: நிறுவனம் அனுப்பிய 20 பேரில் இருவருக்குச் சரியாக வரவில்லை. 'எல்லோருக்கும் அட்டை கொடுங்கள்' என்கிறார் மேலாளர். (வாசகர், கோவை)

கொடுக்காதீர்கள். பிஎல்எஸ்ஸில் எழுத்துத் தேர்வுக்கு 84 சதவீதம், அதாவது 25 கேள்வியில் 21. செய்முறைத் தேர்வில் நீங்கள் ஒரு குறிப்பும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வராதவருக்கு அன்றே அரை மணி நேரம் தனியாகப் பழக்கி மறுபடி பாருங்கள், பெரும்பாலானோருக்கு வந்துவிடும். முட்டிவலியால் தரையில் மண்டியிட முடியாதவர் என்றால் மேனிகினை உறுதியான மேசையில் வைத்துப் பழகட்டும், ஆனால் தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்று உங்கள் மையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பெயருக்கு எதிரே 'மறுபயிற்சி தேவை' என்று எழுதி, அடுத்த வகுப்புத் தேதியையும் போட்டு மேலாளரிடம் கொடுங்கள்.