கிழிக்காதீர்கள், பின்னைக் கழற்றுங்கள்

கேள்வி: பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்தெடுத்து, ஓரத்தில் ஃபெவிகால் தடவி டைரி செய்தேன். ஒரே மாதத்தில் தாள் தாளாக உதிர்கிறது. நூலில் தைத்தால் நிற்குமா?
- வாசகி, மதுரை

பதில்: நிற்கும் அம்மா. ஆனால் கிழித்த தாளை வைத்துக்கொண்டு மடிப்பில் தைக்க முடியாது. பசைமேல் பழி போடாதீர்கள்.

80 பக்க நோட்டு என்பது 20 பெரிய தாள்களை நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தது. பின்னின் காலைப் பழைய கத்தி முனையால் நிமிர்த்தி உருவினால் தாள் மடிப்போடு முழுசாக வரும். நூலுக்குப் பிடி அந்த மடிப்புதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் இலைக்கு ஜோடி கடைசி இலை. பையன் 10 இலை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால், நடுவிலுள்ள 10 தாள் முழு வெற்றுத் தாள். வெளியே இருக்கும் 10 தாளில் ஒரு பாதி எழுதியது, மறுபாதி வெற்று. எழுதிய பாதியை மடிப்போடு ஒட்ட வெட்டிவிடாமல், ஒரு விரல் அகலத்துக்கு நாக்கு மாதிரி விட்டு வெட்டுங்கள். அந்த நாக்கு இருந்தால் ஒற்றைத் தாளையும் தைக்கலாம். நாக்கு கூடிப்போனால் தைக்கிற முதுகு பருத்து, திறக்கிற வாய்ப்பக்கம் ஒல்லியாகி, நோட்டு ஆப்பு மாதிரி நிற்கும். ஐந்து தாளுக்கு இரண்டு நாக்கு போதும். டிக்கெட், போட்டோ ஒட்டப் போகிறீர்களா? அப்படியானால் எல்லாமே நாக்குத் தாளாக இருந்தாலும் நல்லது. ஒட்ட ஒட்ட வாய்ப்பக்கமும் பருத்துச் சரியாகிவிடும்.

ஐந்தைந்து தாளாகச் சேர்த்தால் ஒரு பாரம். ஆறு பாரம் என்றால் 120 பக்கம், நாக்குக்குக் கொஞ்சம் குறையும். ஓர் அட்டைத்துண்டில் நான்கு புள்ளி வைத்து, எல்லாப் பாரத்துக்கும் அதே இடத்தில் ஊசியால் துளை போடுங்கள். பருத்தி நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். நைலான் வேண்டாம், ரம்பம் மாதிரி தாளை அறுக்கும். நூல் முனையில் கொஞ்சம் வால் விட்டு, துளைக்குத் துளை உள்ளே, வெளியே என்று தைத்துப் போங்கள். ஒரு பாரம் முடிந்ததும் அடுத்ததை மேலே வைத்துத் திரும்பி வாருங்கள். ஓரத்துக்கு வந்ததும் நூலின் முதல் வாலோடு முடிச்சு. மூன்றாவதிலிருந்து, ஓரத்துக்கு வரும்போதெல்லாம் கீழே உள்ள இரண்டு பாரத்துக்கு நடுவே ஊசியை நுழைத்து ஒரு முடிச்சு. நூலை இறுக்கும்போது முதுகை ஒட்டியே இழுக்க வேண்டும். உங்கள் பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் துளை கிழிந்துவிடும். என்னிடம் வேலை பழக வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் அதைத்தான் செய்வார்கள்.

தைத்த முதுகில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, பழைய வேட்டித் துணியை ஒட்டுங்கள்.

இதையெல்லாம் யார் செய்வது என்று பைண்டிங் கடைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். "ஓரத்தைச் சீவித் தர்றேன், நீட்டா இருக்கும்" என்பார்கள். மெஷினில் வைத்து முதுகுப்பக்கத்தையும் சேர்த்துச் சீவினால் மடிப்பே போச்சு. அப்புறம் சூடாகப் பசையை ஊற்றி ஒட்டி, தையலுக்கு என்று காசும் வாங்கிவிடுவார்கள். வாங்கும்போதே நோட்டை அங்கங்கே விரித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு மடிப்பில் நூல் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.

இத்தனை வெற்றுத் தாள் வீட்டில் சேர்வதே அக்கிரமம். ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிப் பெயர் அச்சடித்த புது நோட்டுதான் வேண்டும், அதுவும் அவர்கள் சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும். போன வருடம் நாலு பக்கம் எழுதிய நோட்டு பழைய பேப்பர் கடைக்காரர் தராசுக்கு. எத்தனை பெற்றோர் கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது, தலையாட்டுவதோடு சரி.

தைத்த நோட்டுக்கு அட்டை ஒட்ட மைதாப் பசை போதும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். அன்றன்றைக்குக் கெட்டியாகக் காய்ச்சித் தடவி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வையுங்கள். ஃபேன் காற்றில் காயவைத்தால் அட்டை வளைந்துகொள்ளும். காலை வரைக்கும் தூக்கிப் பார்க்காதீர்கள்.